பேனாவால் போடாத வட்டம்

அலமேலு, இது அப்பா எழுதுவது. உறையைப் பார்த்ததுமே தெரிந்திருக்கும், இப்படிக் கோழி கிளறியது போல எழுதுகிறவன் நம் வீட்டில் ஒருவன்தான். நீ பஸ் ஏறிப் போய் ஒரு மாதத்துக்கு மேல் ஆகிறது. உங்கம்மாவுக்கு இரண்டு கடிதம் வந்தது. இரண்டிலும் கடைசி வரியில், அப்பா மாத்திரை சாப்பிடுகிறாரா என்று கேட்டிருந்தாய். என்னிடம் நேராகக் கேட்க உனக்கு மனம் வரவில்லை. வராததில் நியாயம் இருக்கிறது. நேற்று என் மேல் விசாரணை நடந்தது. அங்கே நான் சொன்னதை எங்கள் ஊழியர் சங்கத்துக் கோதண்டம் வாயால் நீ கேட்கக் கூடாது, ஆபீஸ் தாளில் படித்தும் தெரிந்துகொள்ளக் கூடாது என்பதற்காக எழுதுகிறேன். நேற்றைய கதையை மட்டும் சொன்னால் உனக்குப் பாதிதான் விளங்கும். அதனால் முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். பெற்ற மகளைப் பார்த்து ஒரு தகப்பன் வயிறெரிவானா என்று கேட்டால் ஊர் சிரிக்கும். நான் எரிந்தேன். பல வருஷம் எரிந்தேன். இதை எழுதும் இந்த நிமிஷத்திலும் கொஞ்சம் எரிந்துகொண்டுதான் இருக்கிறேன்.

அடி அண்ணாமலையில் நம் கழனிக் கிணறு வற்றி, விதைத்த மல்லாட்டைக் கடலைகூடத் திரும்பி வராத வருஷத்தில், வார்டு துடைக்கிற வேலைக்குத்தான் நான் ஆஸ்பத்திரிக்குள் போனேன். பிறகு சில மாதப் பயிற்சி கொடுத்து நர்சிங் அசிஸ்டென்ட் ஆக்கினார்கள். காய்ச்சல் பார்க்கலாம், கட்டுப் போடலாம், ஆபரேஷனுக்கு முன்னால் சவரம் செய்யலாம், நடக்க முடியாதவனைத் தூக்கி உட்கார வைக்கலாம். ஊசி போடக் கூடாது, தையல் போடக் கூடாது. சட்டம் இவ்வளவுதான். ஆனால் இரண்டு வார்டுக்கு ஒரு சிஸ்டர் என்று இருக்கிற இடத்தில் சட்டத்தை யார் பார்ப்பது? ‘இந்த வரிசைய நீ போட்டுடுப்பா, நான் அந்தாண்ட போறேன்’ என்று சிஸ்டர்களே டிரேயைக் கையில் கொடுத்துவிட்டுப் போவார்கள். போடப் போட என் கை பழகியது. கிராமத்து ஜனங்களுக்கு டாக்டர் பெயர் தெரியாது, என் பெயர் தெரியும். ‘கட்டுப் போடற அண்ணன் டூட்டியில கீறாரா’ என்று கேட்டுவிட்டுத்தான் சீட்டே வாங்குவார்கள். நான் இல்லையென்றால் மறுநாள் வருகிறேன் என்று திரும்பிப் போனவர்கள் உண்டு. அந்தப் பேச்சில்தான் நான் சாப்பிட்டேன், தூங்கினேன். சம்பளம் உங்கம்மாவுக்குப் போனது, அந்தப் பேச்சு மட்டும் எனக்கே எனக்கு என்று இருந்தது.

ஒரு தீபத் திருவிழாவின்போது மலை சுற்றுகிற பாதையில் போட்ட முதலுதவிக் கொட்டகையில் எனக்கு டூட்டி. அப்போது உனக்குப் பத்துப் பதினோரு வயசு இருக்கும். அங்கே வருகிற நோயெல்லாம் காலில்தான். கொப்புளம், முள், கண்ணாடி. போளூர்ப் பக்கத்து அம்மா ஒருத்தி குதிகாலில் பாட்டில் துண்டோடு வந்து உட்கார்ந்தாள், ரத்தம் நிற்கவில்லை. டாக்டர் சாப்பிடப் போயிருந்தார். நான் கண்ணாடியை எடுத்து மூன்று தையல் போட்டுவிட்டேன். எட்டாம் நாள் அவள் ஆஸ்பத்திரிக்குத் தன் காலால் நடந்து வந்து தையல் பிரித்துக்கொண்டு போனாள். ஆனால் எவனோ எழுதிப் போட்டான், எனக்கு மெமோ வந்தது. என் எழுத்து மேலதிகாரி முன்னால் போகிற எழுத்தா? உன்னைத்தான் உட்காரவைத்து விளக்கம் எழுதவைத்தேன். நான் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டு வந்தவள் நடுவில் பேனாவை நிறுத்தினாய். ‘நைனா, அந்த அம்மாவுக்குக் கால் ஆறிடுச்சா இல்லியா?’ என்றாய். ‘ஆறிடுச்சு.’ ‘அப்புறம் எதுக்கு மன்னிப்புன்னு எழுதச் சொல்ற?’ நான் ‘எழுதுடி’ என்று அதட்டினேன். கண்டனம் என்று ஒரு வார்த்தையோடு சர்வீஸ் புத்தகத்தில் ஏறியது. அதற்கு அப்புறமும் சிஸ்டர்கள் டிரேயைக் கொடுத்தார்கள், நானும் வாங்கிக்கொண்டேன்.

எங்களுக்குக் கவுன்சில் கிடையாது, பதிவு எண் கிடையாது, பெயருக்குப் பின்னால் போட்டுக்கொள்ள இரண்டு எழுத்து கிடையாது. எங்களுக்கென்று சர்க்கார் வைத்திருப்பது பதினேழாம் விதி ஒன்றுதான். சின்னத் தப்புக்குப் பதினேழு ஏ, பெரிய தப்புக்குப் பதினேழு பி. ஏ என்றால் திட்டுவான், இன்க்ரிமென்ட்டை நிறுத்துவான். பி என்றால் வேலையே போகலாம். நல்லது செய்தால் எழுதிவைக்க ஒரு புத்தகமும் இல்லை, கெட்டது செய்தால் எழுதத் தனிப் பக்கமே வைத்திருக்கிறான் என்று நான் வீட்டில் கத்துவதை நீ எத்தனையோ தடவை கேட்டிருக்கிறாய். கேட்டும் நீ நர்சிங் ஸ்கூலுக்கு அப்ளிகேஷன் வாங்கி வந்தாய். நான் முடியாது என்றேன். ‘ஊசி புடிக்கற கைக்கு எவன் மாப்பிள்ளை குடுப்பான், டீச்சர் ட்ரெய்னிங் போ’ என்றேன். உங்கம்மாகூட அதை நம்பினாள். அது பொய். உண்மை என்னவென்றால், மூன்று வருஷம் படித்துவிட்டு நீ சிஸ்டராக வருவாய், நான் திருட்டுத்தனமாகச் செய்கிற வேலையை நீ கோட்டையிலிருந்து உத்தரவு வாங்கிக்கொண்டு செய்வாய் என்பது எனக்குப் பொறுக்கவில்லை. அந்தப் படிவத்தை நாலு நாள் சாமி படத்துக்குப் பின்னால் ஒளித்துவைத்திருந்தேன். கடைசித் தேதிக்கு முந்தின நாள் உங்கம்மா கண்டுபிடித்து எடுத்தாள். எலி இழுத்துக்கொண்டு போயிருக்கும் என்றேன். படத்தை மாட்டியிருக்கிற உயரத்துக்கு எலி ஏறுமா என்று அவள் கேட்கவில்லை, சிரிக்கவும் இல்லை.

படிக்கப் போய் முதல் லீவுக்கு வந்தபோது நீ என்னை அப்பா என்று கூப்பிட்டாய். போகும்வரை நைனாதான். ஹாஸ்டல் பிள்ளைகள் கேலி செய்தார்கள் என்று உங்கம்மாவிடம் சொன்னாயாம். சின்ன விஷயம்தான். ஆனால் வேறு யாரோ உனக்குப் பேச்சுமுதல் கற்றுக்கொடுக்க ஆரம்பித்துவிட்டார்கள் என்று எனக்குச் சுருக்கென்றது. படித்து முடித்ததும் மெட்ராஸிலிருந்து உன் பதிவுச் சான்றிதழ் வந்தது. உங்கம்மா தேரடித் தெருவில் கொடுத்துக் கண்ணாடி போட்டு, வாசலுக்கு எதிரே மாட்டினாள். வருகிறவர்கள் எல்லோரும் அதன் முன்னால் நின்றார்கள். நான் ஒருவன்தான் நிமிர்ந்து பார்க்கவில்லை என்று நீ அவளிடம் குறைப்பட்டுக்கொண்டாய். யாரும் இல்லாத பகல் நேரத்தில் ஸ்டூல் போட்டு ஏறி அதை எழுத்துக் கூட்டிப் படித்தவன் நான். உன் பெயரும் அதற்கு நேராக ஓர் எண்ணும் இருந்தன. அந்த எண் ஒருத்தருக்குக் கொடுத்தால் இன்னொருத்தருக்குக் கொடுக்கமாட்டார்கள் என்று நீயே சொல்லியிருந்தாய். எனக்கு இத்தனை வருஷத்தில் எண் என்று கிடைத்தது மெமோவின் தலைப்பில் ஆபீஸ்காரன் கணக்குக்குப் போட்ட ந.க. எண் மட்டும்தான். இறங்கி, ஸ்டூலை எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டேன்.

அப்புறம் உன்னை நம் ஊர் ஆஸ்பத்திரிக்கே போட்டார்கள், அதிலும் என் வார்டுக்கே. உங்கம்மா அண்ணாமலையாருக்கு அர்ச்சனை செய்துவிட்டு வந்தாள். நான் முதல் நாள் காலையில், முப்பது கட்டில் நோயாளிகளும் பார்க்க, உன் முன்னால் விறைப்பாக நின்று ‘குட் மார்னிங் சிஸ்டர்’ என்றேன். மரியாதைக்குச் சொன்னதாக நினைத்தாயா? உன்னைக் குத்தத்தான் சொன்னேன். உன் முகம் சிவந்தது. அதற்குப் பிறகு வார்டில் நீ என்னை எதுவும் சொல்லிக் கூப்பிடவில்லை. அப்பா என்றும் இல்லை, பெயர் சொல்லியும் இல்லை. வேலை சொல்ல வேண்டுமென்றால் என் பக்கம் பார்க்காமல், ‘பதினாலாம் கட்டிலுக்குக் கட்டு மாத்தணும்’ என்று காற்றைப் பார்த்துச் சொல்வாய். நானும் காற்றைப் பார்த்து ‘ஆவட்டும் சிஸ்டர்’ என்பேன். சாயங்காலம் இரண்டு பேரும் ஒரே வீட்டுக்குத்தான் போக வேண்டும். ஒரே சைக்கிளில் வந்து போயிருக்கலாம். நீ நடந்து போனாய்.

உன்னை எல்லோருக்கும் பிடித்துப்போயிற்று. அடி அண்ணாமலை பச்சையப்பன் பெரியப்பாவை உனக்கு நினைவிருக்கும், உனக்குத் தாத்தா முறை. மாடு மிதித்த கால், அதற்கு மேல் சர்க்கரை, வருஷத்துக்கு இரண்டு தடவையாவது புண் புறப்பட்டு வந்துவிடுவார். ஒன்பது வருஷமாக அந்தக் கால் என் கால். வேறு யாரையும் தொடவிடமாட்டார். நீ வந்த மூன்றாம் வாரம் அவருக்கு ஒரு ஊசி போட்டாய். நான் பக்கத்துக் கட்டிலில் கட்டு அவிழ்த்துக்கொண்டிருந்தேன். ‘போட்டுட்டியா பாப்பா? போட்டதே தெரில. உங்கப்பன் போட்டான்னா ரெண்டு நாளைக்கி மாடு முட்டினாப்ல இருக்கும்’ என்று வார்டு முழுக்கக் கேட்கச் சிரித்தார். நீயும் சிரித்தாய். என்னைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்தினாய், அது எனக்கு இன்னும் மோசமாக இருந்தது. ஒன்பது வருஷம் வாயைத் திறக்காத மனிதன் அன்றைக்கு மாடு என்றான். அந்தச் சொல்லை நான் வீட்டுக்கு எடுத்துவந்து சோற்றோடு பிசைந்து சாப்பிட்டேன்.

இனி எழுதப்போவது உனக்குத் தெரியாது. ஊசிகளைச் சாணைக் கல்லில் தீட்டி, சிரிஞ்சுகளோடு வேகவைத்து எடுத்துவைப்பது என் வேலை. அந்த வாரத்திலிருந்து நன்றாகத் தீட்டிய ஊசிகளை என் பக்கத்துத் தட்டில் வைத்துக்கொண்டு, முனை மழுங்கிய ஊசிகளை உன் தட்டில் வைத்தேன். நோயாளி ஒருவனாவது உன் கையில் ‘ஐயோ’ என்று கத்த வேண்டும் என்று காத்திருந்தேன். ஒருவனும் கத்தவில்லை. நீ ஊசியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பாய், மொக்கையாக இருந்தால் ஒரு வார்த்தை பேசாமல் நீயே கல்லில் இரண்டு இழுப்பு இழுத்துக்கொள்வாய். அந்த இழுப்பு என் இழுப்பு. சின்ன வயசில் நான் வீட்டுக்குக் கொண்டுவந்து தீட்டும்போது பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பாயே, அப்போது பிடித்துக்கொண்டது. பெருமைப்பட வேண்டிய இடம் அது. என் வித்தையையும் எடுத்துக்கொண்டுவிட்டாளே என்றுதான் எனக்குத் தோன்றியது.

அந்த நாளுக்கு வருகிறேன். பச்சையப்பன் பெரியப்பா கால் வீங்கி, சிவந்து, காய்ச்சலோடு படுத்திருந்தார். டாக்டர் பென்சிலின் எழுதினார். காலை பத்து மணி இருக்கும். பெண்கள் வார்டில் தீக்காயத்தோடு ஒருத்தியைக் கொண்டுவந்திருக்கிறார்கள் என்று உன்னைக் கூப்பிட்டார்கள். போகும்போது நீ முதல் தடவையாக என் முகத்தைப் பார்த்துப் பேசினாய். ‘பென்சிலின நான் வந்து போடறேன். டெஸ்ட் டோஸ் போடணும். அதுவரைக்கும் பாத்துக்குங்க’ என்றாய். பெரியப்பா உடனே, ‘ஆமாம் பாப்பா, நீயே வந்து போடு, நான் இருக்கேன்’ என்றார். என்னைத் தாண்டி உன்னிடம் சொன்னார். நீ போனதும் நான் மருந்தைக் கலக்கினேன். முதலில் முன்கையில் துளி மருந்தை ஏற்றி, அந்த இடத்தைச் சுற்றிப் பேனாவால் வட்டம் போட்டு, அரை மணி நேரம் காத்திருந்து, தடிப்பு வரவில்லையென்றால்தான் முழு ஊசி என்பது வார்டு கூட்டுகிறவருக்குக்கூடத் தெரியும். எனக்கும் தெரியும். ஆனால் அரை மணி நேரம் காத்திருந்தால் நீ வந்துவிடுவாய். வந்தால் நீதான் போடுவாய். போன வருஷமும் அவருக்கு நான்தானே பென்சிலின் போட்டேன், ஒன்றும் ஆகவில்லையே என்று ஒரு சாக்கைப் பிடித்துக்கொண்டேன். என் தட்டிலேயே நல்ல ஊசியாகப் பார்த்து எடுத்தேன். ‘என்னாப்பா, பாப்பா வரட்டுமே’ என்றார். ‘அதுக்குக் கத்துக்குடுத்ததே நான்தான், திரும்பிப் படு’ என்றேன். போட்டு முடித்து, ‘வலிச்சுதா?’ என்று கேட்டேன். ‘இல்லப்பா’ என்றார். அலமேலு, அந்தச் சொல்லுக்காகத்தான் எல்லாம்.

பிறகு நடந்தது உனக்கே தெரியும். அவருக்கு வேர்த்துக் கொட்டியது, உதடு வீங்கியது, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு மூச்சுக்குத் தவித்தார். இருபத்தோரு வருஷம் வார்டில் நின்றவனுக்குக் கைகால் ஓடவில்லை. கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். சத்தம் கேட்டு நீ ஓடிவந்தாய். கட்டிலின் கால் பக்கத்தைத் தூக்கிவைத்தாய், அட்ரினலின் போட்டாய், ஆக்ஸிஜனை இழுத்துவரச் சொன்னாய், டாக்டரைக் கூப்பிட ஆள் அனுப்பினாய், நாடியிலிருந்து கையை எடுக்கவே இல்லை. நடுவில் ஒரே ஒரு கேள்வி கேட்டாய். ‘டெஸ்ட் டோஸ் பாத்தீங்களா?’ பார்த்ததாகத் தலையை ஆட்டினேன். நீ அவருடைய இரண்டு முன்கையையும் திருப்பிப் பார்த்தாய். வட்டம் இல்லை. என்னை ஒரு தடவை பார்த்துவிட்டு வேலையைத் தொடர்ந்தாய். மத்தியானத்துக்குள் பெரியப்பா கண்ணைத் திறந்து தண்ணீர் கேட்டார். எனக்கு உயிர் வந்தது. உயிர் வந்த கையோடு, காப்பாற்றியது நீ என்பதும் உறைத்தது, அதுவும் கசந்தது. இப்படியும் ஒரு மனம் இருக்குமா என்று கேட்காதே. இருந்தது.

சாயங்காலம் நீ ரிப்போர்ட் புத்தகத்தில் நடந்ததை நடந்தபடி எழுதினாய். யார் போட்டது, எத்தனை மணிக்கு, டெஸ்ட் டோஸ் போட்ட அடையாளம் இல்லை. அதில் அப்பா இல்லை, ‘பணியிலிருந்த நர்சிங் அசிஸ்டென்ட்’ இருந்தான். வீட்டில் உங்கம்மா அழுதாள். ‘பெத்தவன காட்டிக் குடுத்துட்டு வந்து நிக்கறியேடி’ என்றாள். நீ சொன்ன பதில் அடுக்களையிலிருந்து எனக்குக் கேட்டது. ‘நாளைக்கி வேற வார்டுல வேற ஒருத்தரு இதையே செஞ்சா நான் இன்னா எழுதறதும்மா?’ நான் வெளியே போய் சைக்கிளைத் துடைத்துக்கொண்டிருந்தேன். பத்தாம் நாள் எனக்குப் பதினேழு பி வந்தது. ஊசி, கட்டு எதையும் தொடக் கூடாது என்று சொல்லி, சீட்டுக் கொடுக்கிற ஜன்னலில் உட்காரவைத்தார்கள்.

கோதண்டம் வந்தான். சங்கத்து ஆள், எனக்கு நல்லது செய்வதாக நினைத்துத்தான் வந்தான். ‘அண்ணே, சிஸ்டர் வாய்மொழியா சொன்னாங்க, அதனால போட்டேன்னு எழுதுங்க. வாய்ல சொன்னதுக்குச் சாட்சி ஏது? பாப்பாவுக்கு வயசு கெடக்குது, ஒரு மெமோ வாங்கினா ஒண்ணும் ஆவாது. உங்களுக்கு ரெண்டு வருஷந்தான் பாக்கி’ என்றான். அவனே எழுதிக்கொண்டும் வந்திருந்தான். நான் கையெழுத்துப் போட்டேன். பிழைப்புக்குப் பயந்து போட்டேன் என்று சொன்னால் நீ மன்னித்துவிடுவாய், ஆனால் அது பாதிதான். உன் மேலும் ஒரு மெமோ ஏறட்டும், சர்வீஸ் புத்தகத்தில் கறை என்றால் எப்படி இருக்கும் என்று இவளுக்கும் தெரியட்டும் என்ற எண்ணம் என் பேனா முனையில் இருந்தது. அது ஏறியது. அதோடு நிர்வாக நலன் என்று சொல்லி உன்னைத் தருமபுரிப் பக்கம் தூக்கியடிப்பார்கள் என்று நான் நினைக்கவில்லை. பஸ் ஸ்டாண்டில் உன் தகரப் பெட்டியை நான்தான் மேலே ஏற்றினேன். உனக்கு வந்த மெமோவில் என் விளக்கத்தின் வாசகமே இருந்தது, நீ படித்திருந்தாய். ஆனாலும் ஜன்னல் வழியாக, ‘மாத்திரைய வேளைக்கி சாப்புடுங்க’ என்று மட்டும் சொன்னாய். பஸ் செங்கம் ரோட்டில் திரும்பும்வரை நான் உன் பக்கம் பார்க்காமல் டிரைவரையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

இடையில் ஒரு புத்தி சொல்கிறேன், சொல்ல எனக்குத் தகுதி இருக்கிறதா என்று பார்க்காதே. நீ இப்போது இருக்கிற இடத்திலும் என்னைப் போல ஒரு கிழவன் இருப்பான், வேலை தெரிந்தவன், எண் இல்லாதவன். ஆள் பற்றவில்லை என்பதற்காக அவன் கையில் டிரேயைக் கொடுக்காதே. கொடுத்தவர்கள் எனக்கு நல்லது செய்ததாக இத்தனை நாள் நினைத்திருந்தேன். தங்கள் வேலையை என் தலையில் வைத்துவிட்டு, கெட்டுப்போனால் பதினேழையும் என் தலையிலேயே விட்டுவிட்டுப் போனார்கள். அதே நேரத்தில் அவன் போட்ட கட்டு நன்றாக இருந்தால், நோயாளி எதிரில் வாயைத் திறந்து சொல்லிவிடு. அவனைப் பெயர் சொல்லிக் கூப்பிடு. யாராவது உன் கையைப் புகழ்ந்தால் அவன் எங்கே நிற்கிறான் என்று ஒரு தடவை பார்த்துக்கொள். அவன் தட்டில் இருக்கிற ஊசியையும் பார்த்துக்கொள்.

நேற்று காலை பதினொரு மணிக்கு விசாரணை. வேலூரிலிருந்து வந்த அதிகாரி வயசான டாக்டர், நல்ல மனிதராகத்தான் தெரிந்தார். பக்கத்தில் டைப் அடிக்க ஒரு கிளார்க். ‘சிஸ்டர் சொல்லித்தான் போட்டேன்னு எழுதியிருக்கீங்க. அந்தம்மா குடுத்த விளக்கத்தப் படிக்கறேன், கேளுங்க’ என்றார். உன் விளக்கம் நாலே வரி. ‘அப்படி எந்த உத்தரவும் நான் கொடுக்கவில்லை. நான் வார்டை விட்டுப் போனபோது வேறொரு சிஸ்டரை நிறுத்தாதது என் தவறு. அந்த நர்சிங் அசிஸ்டென்ட் இத்தனை வருஷமும் சிஸ்டர்கள் சொல்லி ஊசி போட்டுவந்தார் என்பதும், இதற்கு முன் ஒரு தடவையும் அவரால் யாருக்கும் தீங்கு வந்ததில்லை என்பதும் வார்டுக்கே தெரியும். இதைக் கருதி அவர்மேல் நடவடிக்கையைக் குறைக்க வேண்டுகிறேன்.’ அவ்வளவுதான். ஒரு பொய் இல்லை, ஓர் அழுகை இல்லை. என்னைக் காட்டிக் கொடுத்ததும் அதில் இருந்தது, என்னைக் காப்பாற்றப் பார்த்ததும் இருந்தது. எனக்கு நெஞ்சு நெகிழ்ந்தது என்று எழுத ஆசைதான். உள்ளபடி சொன்னால், பழைய எரிச்சல்தான் முதலில் வந்தது. வேலையும் இவளுக்கு, கையும் இவளுக்கு, நோயாளியும் இவளுக்கு, நேர்மையும் இவளுக்கேவா? அதிலாவது எனக்கு ஒரு பங்கு வேண்டாமா? அந்த ஆத்திரத்தில்தான் வாயைத் திறந்தேன். ‘சிஸ்டர் சொல்லலீங்க சார். நான் வந்து போடறேன்னுதான் சொல்லிட்டுப் போனாங்க. நான் எழுதிக் குடுத்தது பொய்’ என்றேன்.

அதிகாரி கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். பிறகு கிளார்க்கிடம் சொன்னார்: ‘கவனக்குறைவால் டெஸ்ட் டோஸ் போடாமல் விட்டுவிட்டேன். அப்டின்னு அடிப்பா.’ என் பக்கம் திரும்பி, ‘கையெழுத்துப் போட்டுட்டுப் போங்க. இவ்ளோ வருஷ சர்வீஸ், பாத்துப் பண்ணுவாங்க’ என்றார். நான் தாளை வாங்கிப் படித்தேன். ‘சார், கவனக்குறைவு இல்லீங்க’ என்றேன். ‘அப்புறம் என்ன?’ ‘பொறாமைங்க.’ கிளார்க் நிமிர்ந்து பார்த்தான். ‘யார் மேல?’ ‘எம் பொண்ணு மேலீங்க. அந்த சிஸ்டர் எம் பொண்ணுங்க.’ அவருக்கு அது தெரியாது போலிருக்கிறது. ‘பெரியவரே, அதெல்லாம் ஃபைல்ல எழுதற வார்த்த இல்ல. கவனக்குறைவுன்னா இன்க்ரிமென்ட்டோட போயிடும். நீங்க சொல்றாப்ல எழுதினா வேணும்னே செஞ்சதா ஆயிடும். வேலையே போயிடும், தெரியுதா?’ என்றார். ‘தெரியுதுங்க. ஆனா இருவத்தோரு வருஷத்துல ஒரு நாள் எனக்குக் கவனம் தப்பினதில்லீங்க. அன்னிக்கும் தப்பல. டெஸ்ட் டோஸ் போட்டா அரை மணி நேரம் ஆவும், அதுக்குள்ள எம் பொண்ணு வந்துடும், அதனாலதான் போடல. கவனக்குறைவுன்னு நான் கையெழுத்துப் போடமாட்டேங்க’ என்றேன். உனக்குச் சிரிப்பு வரும், உன் அப்பன் வேலையை விடுவான், வேலைக்காரன் என்ற பேரை விடமாட்டான் என்று. வந்தால் சிரித்துக்கொள்.

வேறு தாள் செருகி, நான் சொன்னபடியே அடித்தார்கள். கிளார்க் அந்த வார்த்தை வந்ததும் ஒரு தடவை அதிகாரியைப் பார்த்தான், அவர் தலையசைத்தார், அடித்தான். சிஸ்டர் எந்த உத்தரவும் தரவில்லை என்பதையும் சேர்க்கச் சொன்னேன். உன் மெமோவை ரத்து செய்வார்கள், அநேகமாக மாற்றலையும் திரும்பப் பெறுவார்கள் என்று கோதண்டம் வாசலில் முகத்தைத் திருப்பிக்கொண்டு சொன்னான். என்னை என்ன செய்வார்கள் என்று தெரியவில்லை. உங்கம்மாவிடம் இன்னும் முழுதாகச் சொல்லவில்லை, சாப்பாட்டுக்கு மேல் சொல்ல வேண்டும். நீ இதற்காக எழுதிப் போடாதே, யாரையும் போய்ப் பார்க்காதே. வாக்குமூலத்தை மூன்று நகல் எடுத்தார்கள். ஒன்று ஆபீசுக்கு, ஒன்று எனக்கு, ஒன்று உன் ஃபைலுக்கு. நீ எந்த ஊருக்கு மாறிப் போனாலும் அந்த ஃபைல் உன் பின்னாலேயே வரும். உன்னைப் பெற்றவன் உன் வேலையைப் பார்த்துப் பொறாமைப்பட்டான் என்று சர்க்கார் முத்திரையோடு அதில் இருக்கும். புதிதாக வருகிற அதிகாரி யாராவது அதைப் படித்துவிட்டு, இது நிஜமா என்று கேட்பார். ஆமாம் என்று சொல்.